உள்ளே வர உத்தரவு உண்டா?

சென்ற ஆண்டு கார்த்திகை மாதத்தில் ஒரு புதன்கிழமை. காலை ஒன்பது மணிக்குக் கொண்டாப்பூரில் என் வீட்டு மேசையில் அமர்ந்து, அலுவலகக் கோப்பு ஒன்றைக் கணினியில் திறக்க முயன்றேன். நாற்பது பக்க அறிக்கை அது. அதன் தமிழாக்கம் வெள்ளிக்கிழமை மாலைக்குள் அச்சுக்குப் போயாக வேண்டும். பெயரைக் கொடுத்தேன், கடவுச்சொல்லைக் கொடுத்தேன், கைப்பேசிக்கு வந்த ஆறு இலக்க எண்ணையும் பிழையின்றிக் கொடுத்தேன். இதைப் பார்க்க உமக்கு அனுமதி இல்லை என்ற பொருளில் ஆங்கில வரி ஒன்று திரையில் வந்து நின்றது.

கடவுச்சொல்லில்தான் ஏதோ கோளாறு என்று முடிவு கட்டினேன். அதை மாற்றினேன். மீண்டும் அதே வரி. இன்னொரு முறை மாற்றினேன். புதியது எது, பழையது எது என்ற குழப்பத்தில் தவறானதை ஐந்தாறு முறை தட்டிவிட்டேன் போலும். மாலையில் என் கணக்கே முடக்கப்பட்டது. காலையில் அறைதான் பூட்டியிருந்தது. மாலையில் வாசற்கதவையும் நானே பூட்டிக்கொண்டேன்.

மறுநாள் நண்பகலில் கணினிப் பிரிவிலிருந்து ஓர் இளம்பெண் தொலைபேசியில் அழைத்தார். அவர் தெலுங்கில் கேட்ட முதற் கேள்வி இது: “சார், உங்களை வாசலிலேயே நிறுத்திவிட்டதா, அல்லது உள்ளே விட்டபின் அறையைத் திறக்க மறுத்ததா?” இந்த ஒரு கேள்வியை நான் புதன்கிழமை காலையிலேயே என்னைக் கேட்டுக்கொண்டிருந்தால் ஒன்றரை நாள் மிச்சமாகியிருக்கும். நடந்தது என்னவெனில், பத்து நாள்களுக்கு முன் என்னை ஒரு பிரிவிலிருந்து மற்றொரு பிரிவுக்கு மாற்றியிருந்தார்கள். பழைய பிரிவின் பட்டியலிலிருந்து என் பெயரை உடனே நீக்கிவிட்டார்கள். புதிய பிரிவின் பட்டியலில் சேர்க்க மறந்துவிட்டார்கள். பிரிவு அதிகாரி ஐந்து நிமிடத்தில் அதைச் சரி செய்தார். முடங்கிய கணக்கை மீட்க ஒரு மணி நேரமாயிற்று. மொழிபெயர்ப்பு வெள்ளிக்கிழமை முடியவில்லை. இரவெல்லாம் விழித்து, சனிக்கிழமை காலையில்தான் அனுப்பினேன்.

இணையத்தின் வழியே நடைபெறும் எந்தக் காரியத்திலும் இரண்டு கேள்விகள் தனித்தனியே எழுகின்றன. நீ யார் என்பது ஒன்று. உனக்கு இங்கே எதைச் செய்ய உரிமை என்பது மற்றொன்று. முன்னதை அடையாளம் என்றும் பின்னதை அனுமதி என்றும் வைத்துக்கொள்வோம். இவ்விரண்டும் புதியவை அல்ல. அசோகவனத்திலே அனுமனைக் கண்ட சீதை, இவனும் வேடம் பூண்டு வந்த அரக்கனோ என்று ஐயுறுகிறாள். இராமனுடைய கணையாழியைக் கண்டபின் அவள் ஐயம் தீர்கிறது. திரும்பிச் செல்கையில் அனுமன் சூடாமணியைப் பெற்றுச் செல்கிறான், சீதையைக் கண்டதற்குச் சான்றாக. ஒருவர் மற்றவருக்குத் தம்மை மெய்ப்பிக்கும் காரியம் இது. இன்று நாம் வங்கியின் தளத்தைத் திறக்கும்போதும் இரு பக்கமும் இது நடைபெறுகிறது. நாம் கடவுச்சொல்லைக் காட்டுமுன், தான் உண்மையான வங்கியே என்பதற்குரிய சான்றிதழைத் தளம் நம் கணினிக்குக் காட்டிவிடுகிறது.

அதே வானரர்கள் திரும்பும் வழியில் சுக்கிரீவனுடைய மதுவனத்துக்குள் புகுகிறார்கள். காவலனாகிய ததிமுகனுக்கு அவர்களை நன்றாகத் தெரியும். ஆயினும் தடுக்கிறான், ஏனெனில் அந்தத் தோட்டத்துத் தேனைப் பருக அவர்களுக்கு உத்தரவு இல்லை. இளவரசன் அங்கதன் உத்தரவு கொடுத்துவிட்டான் என்பது வேறு கதை. அசோகவனத்துச் சிக்கல் அடையாளத்தைப் பற்றியது. மதுவனத்துச் சிக்கல் அனுமதியைப் பற்றியது. புதன்கிழமை நான் நின்றது மதுவனத்து வாசலில். கையில் கணையாழியை வைத்துக்கொண்டு அதையே திரும்பத் திரும்பத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

இந்தக் குழப்பத்துக்கு மொழியும் ஒரு காரணம் என்பதை மொழிபெயர்ப்புத் தொழிலில் இருக்கும் நான் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆங்கிலத்தில் முன்னதை ஆதென்டிகேஷன் என்றும், பின்னதை ஆதரைசேஷன் என்றும் சொல்லுவார்கள். காதுக்கு இரண்டும் உடன்பிறந்தவை போல ஒலிக்கின்றன. தமிழில் நாமும் இரண்டுக்கும் ‘அங்கீகாரம்’ என்ற ஒரே சொல்லைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறோம். இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. வலைத்தளங்கள் நம்மிடம் பேசும் ஒழுங்குமுறையை 1996-இல் ஓர் ஆவணமாக வெளியிட்டார்கள். அதில் 401 என்ற எண்ணுக்கு ‘அன்ஆதரைஸ்ட்’ என்று பெயர். அனுமதி இல்லாதவர் என்பதே அதன் நேர்ப்பொருள். ஆனால் அந்த எண்ணின் உண்மையான கருத்து, நீர் யார் என்பதை இன்னும் மெய்ப்பிக்கவில்லை என்பதேயாகும்! அடையாளம் காட்டியபின்னும் அனுமதி இல்லையென்றால் வருவது 403, அதாவது ‘ஃபர்பிடன்’. முப்பது ஆண்டுகளாகத் தவறான அந்தப் பெயரே வழங்கிவருகிறது. ஆகவே நேயர்களே, சொல்லை நம்பாதீர்கள், எண்ணை நம்புங்கள். 401 வந்தால் கடவுச்சொல், கைப்பேசி எண் முதலியவற்றைப் பாருங்கள். 403 வந்தால் கடவுச்சொல்லைத் தொடாதீர்கள். அனுமதி தரவேண்டியவர் யார் என்று தேடுங்கள். 404, அதாவது அப்படி ஒரு பக்கமே இல்லை என்று வந்தாலும், முடிவுக்கு வந்துவிட வேண்டாம். அனுமதி இல்லாதவருக்கு அந்தப் பக்கம் இருப்பதையே தெரிவிக்கலாகாது என்பதற்காகச் சில தளங்கள் வேண்டுமென்றே அப்படிச் சொல்வதுண்டு.

கடவுச்சொல் எப்போது பிறந்தது என்று சிலர் கேட்கக்கூடும். கணினியில் அதன் தொடக்கத்தை அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிறுவனத்தில் காண்கிறோம். 1961-இல் பெர்னாண்டோ கோர்பாட்டோ என்பவரும் அவருடைய தோழர்களும் ஒரே பெரிய கணினியைப் பலர் ஒரே காலத்தில் உபயோகிக்கும் முறையை அங்கே நடத்திக் காட்டினார்கள். பலர் சேர்ந்து வாழும் வீட்டில் ஆளுக்கொரு பெட்டியும் பூட்டும் வேண்டுமன்றோ? அதற்காகவே ஒவ்வொருவருக்கும் ஒரு கடவுச்சொல் கொடுக்கப்பட்டது. 1962-இல் ஆலன் ஷெர் என்னும் ஆராய்ச்சி மாணவர், தமக்கு ஒதுக்கப்பட்ட கணினி நேரம் போதாமற் போகவே, எல்லாருடைய கடவுச்சொற்களும் அடங்கிய பட்டியலையே அச்சிட்டு எடுத்துக்கொண்டாராம். 1966-இல் இதைவிடப் பெரிய கூத்து நடந்தது. உள்ளே வருபவர்களுக்கு அன்றைய அறிவிப்பைக் காட்டுவதற்கென்று ஒரு கோப்பு இருந்தது. அதுவும் கடவுச்சொற் கோப்பும் ஒரு பிழையினால் இடம் மாறிவிட, உள்ளே நுழைந்த ஒவ்வொருவருக்கும் அனைவருடைய கடவுச்சொற்களும் வரவேற்புரையாகக் கிடைத்தன. பூட்டு பிறந்து ஐந்தாண்டுக்குள் இவ்வளவும் நடந்துவிட்டது.

நிற்க. மேகக் கணினி என்கிறார்களே, அது யாது? பெயர்தான் மேகம். அது தரையில் காரை பூசிய கட்டடங்களில், குளிர்சாதனங்களின் இரைச்சலுக்கு நடுவே, மின்சாரத்தை விழுங்கிக்கொண்டு நிற்கிறது. அமேசான் நிறுவனம் இத்தகைய தன் இந்தியத் தொகுதிகளில் முதலாவதை 2016-இல் மும்பையிலும் இரண்டாவதை 2022 நவம்பரில் ஹைதராபாத்திலும் திறந்தது. மைக்ரோசாப்ட் நிறுவனமும் ஹைதராபாத்தில் ஒரு தொகுதி அமைக்கப்போவதாக அவ்வாண்டு மார்ச் மாதம் அறிவித்தது. நம் கடிதங்களும் கோப்புகளும் சம்பளப் பட்டியலும் நம் மேசையில் இல்லை. இத்தகைய கட்டடங்கள் எவற்றிலோ இருக்கின்றன. ஆகவே உள்ளே நுழைவதற்கான கேள்வியும் நம் மேசையில் தீர்வதில்லை. பல தளங்களுக்கும் பொதுவாக ஒரே வாயிற்காவலரை வைத்திருக்கிறார்கள். அவரிடம் ஒருமுறை நம்மை மெய்ப்பித்துவிட்டால் அவர் ஒரு சீட்டு தருகிறார். அந்தச் சீட்டைக் காட்டி மற்ற இடங்களுக்குப் போகிறோம். இதில் வசதியும் உண்டு, அபாயமும் உண்டு.

2020 டிசம்பர் 14 அன்று மாலை, நம் நாட்டு நேரப்படி ஐந்தேகால் மணியை ஒட்டி, உலகமெங்கும் கூகுளின் அஞ்சலும் ஆவணங்களும் யூடியூபும் ஏறத்தாழ முக்கால் மணி நேரம் திறக்கவில்லை. பெருந்தொற்றுக் காலம், பிள்ளைகளின் பள்ளிக்கூடமே அவ்வழியே நடந்துகொண்டிருந்தது. பயனர்களை அடையாளம் காணும் பகுதிக்கு ஒதுக்கிய சேமிப்பிடத்தின் அளவை, ஒரு தானியங்கி முறை தவறான கணக்கை நம்பிக் குறைத்துவிட்டதே காரணம் என்று அந்த நிறுவனம் பின்னர் வெளியிட்டது. கோப்புகள் அனைத்தும் பத்திரமாக இருந்தன. வாயிற்காவலர் மட்டுமே மயங்கி விழுந்திருந்தார். கணக்கில்லாமலே பார்க்கக்கூடிய பக்கங்கள் பல அப்போதும் திறந்தன என்பது கவனிக்கத்தக்கது. அன்று எத்தனை பேர் தம் கடவுச்சொல்லை மாற்றிப் பார்த்தார்களோ!

கதவு திறக்காதபோது முதலில் செய்யவேண்டியது அடுத்த வீட்டுக்காரரைக் கேட்பது. அவருக்கும் திறக்கவில்லையென்றால் காபி போட்டுக்கொண்டு காத்திருங்கள். அவருக்குத் திறந்து உங்களுக்குத் திறக்காவிட்டால்தான் உங்கள் பக்கத்தைச் சோதிக்க வேண்டும்.

அப்படிச் சோதிக்கும்போது நான் கண்ட அனுபவம் சொல்கிறேன். பெரும்பாலான வீடுகளில் கணினி ஒன்று, ஆட்கள் நால்வர். மகள் தன் கல்லூரிக் கணக்கில் நுழைந்துவிட்டு வெளியேறாமல் எழுந்து போயிருப்பாள். உங்களுக்கென்று ஒருவர் அனுப்பிய கோப்பை நீங்கள் திறக்கிறீர்கள். தளமோ உங்களை மகளாகவே கருதி அனுமதி இல்லை என்கிறது. திரையின் வலப்பக்க மூலையில் யாருடைய பெயரோ படமோ இருக்கிறது என்று ஒரு கணம் பார்த்தால் போதும். நண்பர்களுக்கு நான் தீர்த்துவைத்த சிக்கல்களில் சரிபாதி இதுதான்.

அடுத்தது பழைய சீட்டு. தளம் கொடுத்த நுழைவுச் சீட்டைக் குக்கீ என்ற பெயரில் நம் பிரவுஸர் சேமித்து வைத்திருக்கிறது. அந்தச் சீட்டு பழுதுபட்டாலோ காலாவதியானாலோ, சரியான கடவுச்சொல்லைக் கொடுத்தும் வாசலுக்கே திரும்பத் திரும்பத் தள்ளப்படுவோம். பிரவுஸரில் தனிச் சாளரம் என்று ஒன்று உண்டு. பழைய சீட்டு எதையும் எடுத்துச் செல்லாமல் புதியவராகப் போய் நிற்கும் வழி அது. அங்கே திறந்தால் குற்றம் கடவுச்சொல்லில் இல்லை, பழைய சீட்டில்தான். அதை அழித்துவிட்டு மீண்டும் நுழையலாம். இதே காரணத்தால் இன்னொன்றும் நேர்கிறது. அதிகாரி அனுமதி கொடுத்துவிட்டேன் என்பார். நமக்கோ இன்னும் மறுக்கிறது. நம் கையிலிருப்பது அனுமதி கிடைக்குமுன் எழுதப்பட்ட சீட்டு. வெளியேறி மறுபடி நுழைந்தால் புதிய சீட்டு கிடைக்கும். அதிகாரியிடம் மறுமுறை சண்டைக்குப் போகுமுன் இதைச் செய்து பாருங்கள்.

கடிகாரத்தையும் சந்தேகிக்க வேண்டும் என்றால் சிரிப்பீர்கள். கைப்பேசியிலுள்ள சில செயலிகள் முப்பது விநாடிக்கு ஒருமுறை புதிய ஆறு இலக்க எண்ணைக் காட்டுமல்லவா? அந்த எண் இரகசியத் திறவு ஒன்றையும் அந்த நேரத்தையும் சேர்த்துக் கணக்கிடப்படுவது. தளமும் தன் கடிகாரத்தைப் பார்த்து அதே கணக்கைப் போடுகிறது. உங்கள் கைப்பேசி சில நிமிடங்கள் பின்தங்கியிருந்தால் இரு விடைகளும் பொருந்தா. நேரத்தைக் கையால் வைக்காமல் தொலைபேசி வலையமைப்பிலிருந்து தானாக எடுத்துக்கொள்ளும்படி விட்டுவிடுவதே நல்லது. இவையனைத்தும் சரியாக இருந்தும் மூன்று முறை மறுத்தால், அதோடு நிறுத்திவிடுங்கள். நாலாவது ஐந்தாவது முறைகள் என் புதன்கிழமையில்தான் கொண்டுபோய் விடும்.

இனி அனுமதிப் பக்கம். பெரிய அமைப்புகளில் அனுமதியை ஆளுக்கு ஆள் எழுதுவதில்லை, பதவிக்கு எழுதுகிறார்கள். எழுத்தர் பார்க்கலாம், பிரிவு அதிகாரி திருத்தலாம், இயக்குநர் ஒப்புதல் அளிக்கலாம் என்று. மாறுதல், பதவி உயர்வு, நீண்ட விடுமுறை ஆகிய மூன்றும் நிகழும்போதெல்லாம் இந்தப் பட்டியல் பிசகுகிறது. அப்போது உதவி கேட்டு எழுதுவோர் “திறக்கவில்லை, அவசரம்” என்று மட்டும் எழுதுகிறார்கள். வைத்தியரிடம் போய் உடம்பு சரியில்லை என்று மட்டும் சொல்வது போன்றது அது. எந்தப் பக்கம், எத்தனை மணிக்கு, திரையில் வந்த எண்ணும் வாசகமும் என்ன, எந்தக் கணக்கின் வழியே நுழைந்தீர்கள், கடைசியாக எப்போது திறந்தது, அதன்பின் என்ன மாறியது — இவ்வளவையும் எழுதி, திரையின் படத்தையும் இணைத்தால், பதில் விரைவில் வரும். கடவுச்சொல்லை மட்டும் எழுதாதீர்கள். உண்மையான தொழில்நுட்பப் பணியாளர் அதைக் கேட்கமாட்டார்.

பல அலுவலகங்களில் இந்தத் தொல்லைக்கு ஒரு குறுக்கு வழி வைத்திருக்கிறார்கள். மேலதிகாரியின் கடவுச்சொல்லைப் பிரிவு முழுவதும் அறிந்திருக்கும். ஒரு தாளில் எழுதிக் கணினியின் மேல் ஒட்டியும் இருக்கும். இது எனக்குச் சற்றும் உடன்பாடில்லை. அனுமதி கிடைக்கும்வரை வேலை தாமதப்படும் என்பது மெய். ஆயினும் நாளை ஒரு கோப்பு காணாமற்போனால், ஏட்டில் பதிவாகியிருப்பது அந்த அதிகாரியின் பெயர்தான். திருத்திய கை எவருடையது என்று எந்தக் கணினியும் சொல்லாது.

அனுமதி என்பது தாழ்ப்பாள் மட்டுமன்று, பிறர் கையிலுள்ள தாழ்ப்பாள் என்பதை 2025 ஜூலையில் நம் நாடே கண்டது. குஜராத்தின் வாடிநாரில் ஆண்டுக்கு 2 கோடி டன் திறனுள்ள எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையை நடத்தும் நயாரா எனர்ஜி நிறுவனத்தில், ரஷ்ய நிறுவனமான ரோஸ்நெஃப்ட்டுக்கு ஏறத்தாழப் பாதிப் பங்கு உண்டு. அம்மாதம் 18-ஆம் தேதி ஐரோப்பிய ஒன்றியம் நயாராவைத் தன் தடைப்பட்டியலில் சேர்த்தது. சில நாள்களில் அந்த நிறுவனத்தின் அஞ்சலும் பிற சேவைகளும் மைக்ரோசாப்டால் நிறுத்தப்பட்டன. ஊழியர்களின் கடவுச்சொற்கள் யாவும் சரியானவை. கட்டணமும் செலுத்தப்பட்டிருந்தது என்று அந்த நிறுவனம் கூறிற்று. டில்லி உயர்நீதிமன்றத்தை அது நாடியது. மாதம் முடிவதற்குள் சேவைகள் திரும்ப வந்தன. அந்த இடைக்காலத்தில் அங்கு எந்த ஊழியரும் தம் அறையிலிருந்து செய்யக்கூடிய பழுதுபார்ப்பு எதுவுமில்லை. முக்கியமானவற்றின் நகல் ஒன்று நம் வசமும் இருக்கவேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

வெளிமாநிலங்களில் வாழும் நமக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. அதைச் சொல்லாமல் இந்தப் பேச்சை முடிக்க மனம் வரவில்லை. எங்கள் குடியிருப்பில் பாளையங்கோட்டையைச் சேர்ந்த ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். எனக்கு அவர் அண்ணாச்சி. மகனோடு வசிக்க வந்தபோது இங்கே புதிய கைப்பேசி எண் வாங்கினார். பழைய எண் மேசை அறைக்குள் போய்விட்டது. ஒரு நாள் என்னிடம் வந்து, “தம்பி, ஓய்வூதியக் கணக்கைத் திறக்க ஓ.டி.பி. அனுப்பிவிட்டேன் என்கிறது. ஒரு வாரமாகக் காத்திருக்கிறேன், வரவே இல்லை” என்றார். எந்த எண்ணுக்கு என்று பார்த்தோம். கடைசி நான்கு இலக்கங்கள் பழைய எண்ணுடையவை. அந்த எண்ணை அழைத்தோம். சேலத்திலிருந்து ஒரு பெண்மணி எடுத்தார். அந்த எண் இப்போது அவருடையது. “உங்கள் எண்கள் தினமும் எனக்கு வருகின்றன, ஐயா; யாரோ என்னை ஏமாற்றப் பார்க்கிறார்கள் என்று பயந்தேன்” என்றார். நல்லவர் கையில் விழுந்தது நம் நல்ல காலம்.

காளிதாசனுடைய சகுந்தலை மோதிரத்தை நீரில் தவறவிட்டதால் துஷ்யந்தன் அவையில் யாரோ ஒருத்தியாகி நின்றாள். அந்த மோதிரத்தின் இடத்தில் இன்று கைப்பேசி எண் இருக்கிறது. முன்பணம் செலுத்தும் எண் ஒன்று 90 நாள்கள் எவ்வித உபயோகமுமின்றிக் கிடந்து, அதன் கணக்கிலும் 20 ரூபாய்க்குக் குறைவாக இருந்தால், நிறுவனம் அதைத் துண்டித்துவிடலாம். துண்டித்த எண்ணைக் குறைந்தது 90 நாள்கள் கழித்து வேறொருவருக்குக் கொடுக்கலாம் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2023-இல் உச்சநீதிமன்றத்தில் தெரிவித்தது. மீன் வயிற்றிலிருந்து மோதிரம் திரும்ப வந்தது போல் இது வருவதில்லை.

ஆனால் எண்ணை விடவேண்டிய அவசியமே இல்லை. 2015 ஜூலை முதல் தமிழ்நாட்டு எண்ணை அப்படியே வைத்துக்கொண்டு தெலங்கானா, மஹாராஷ்டிரம், டில்லி எங்கு வேண்டுமானாலும் உள்ளூர்ச் சேவைக்கு மாறலாம். மாற்றித்தான் தீரவேண்டுமென்றால், பழைய எண் உயிரோடு இருக்கும்போதே ஆதார், வங்கி, ஓய்வூதியம், அஞ்சல் ஆகிய நான்கிலும் புதிய எண்ணைப் பதிந்துவிடுங்கள். ஆதாருக்காக ஊருக்குப் போகவேண்டியதில்லை. எந்த மாநிலத்து ஆதார் மையத்திலும் செய்யலாம். அஞ்சல் கணக்குகளில் அவசரத்துக்கென்று சில மீட்பு எண்கள் தருவார்கள். அவற்றைத் தாளில் எழுதி, வீட்டுப் பத்திரத்தோடு வையுங்கள். ஓ.டி.பி.யைச் சொல்லுங்கள் என்று கேட்டு யாராவது அழைத்தால் தொலைபேசியை வைத்துவிடுங்கள். ஏமாந்துவிட்டால் அந்த நிமிடமே 1930 என்ற எண்ணுக்குச் சொல்லுங்கள்.

அண்ணாச்சியும் நானும் ஓய்வூதிய ஆணையையும் ஆதார் அட்டையையும் எடுத்துக்கொண்டு வங்கிக் கிளைக்கு மூன்று முறை நடந்தோம். மூன்றாவது வாரம் புதிய எண் பதிவாயிற்று. முதல் ஓ.டி.பி. வந்து விழுந்த ஓசையைக் கேட்டு, ஊரிலிருந்து கடிதம் வந்தவர் போல மூக்குக் கண்ணாடியைத் தேடினார். அன்று மாலையே சேலத்துப் பெண்மணியை அழைத்து, இனி அவருக்குத் தொந்தரவு இராது என்று சொன்னார். பாளையங்கோட்டை வீட்டின் மின்கட்டணக் கணக்கும் அந்தப் பழைய எண்ணில்தான் இருக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.